இருவாச்சிகள் பிரித்துக்கொண்ட கடன்

மலைக்காட்டில் ஓர் இருவாச்சி ஜோடி பிரியப் போகிறது என்ற செய்தி விடிந்ததும் பரவியது. முதலில் யாரும் நம்பவில்லை.

"இருவாச்சியா பிரிகிறது? வேறு ஏதாவது பறவையாக இருக்கும்" என்றது மரங்கொத்தி.

"என் கண்ணால் பார்த்தேன். அவள் ஒரு மரத்தில், அவன் ஒரு மரத்தில். பக்கத்தில்கூட உட்காரவில்லை" என்றது மைனா.

கேட்டவர்கள் வாயடைத்துப் போனார்கள். மற்ற பறவைகள் ஆண்டுக்கொரு ஜோடி மாற்றினாலும் இருவாச்சிகள் மாற்றுவதில்லை என்பதுதான் அந்தக் காட்டின் பேச்சு. அதற்குக் காரணமும் இருந்தது. முட்டையிடும் காலம் வந்தால் பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் போய்விடும். ஆண் மண் கொண்டுவந்து கொடுக்கும், பெண் உள்ளிருந்தபடியே வாசலைப் பூசி அடைக்கும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவு மட்டும் மிஞ்சும். உள்ளே இருக்கும் பெண்ணுக்கு இறகுகள் உதிர்ந்துவிடும். நினைத்தாலும் பறக்க முடியாது. குஞ்சு வளரும்வரை அந்தப் பிளவு வழியே ஆண் ஊட்டுவதுதான் தாய்க்கும் குஞ்சுக்கும் உணவு. அப்படி ஒருவரை நம்பி இன்னொருவர் அடைந்து கிடக்கும் வாழ்க்கையில் பிரிவு எங்கிருந்து வரும்?

ஆனால் வந்துவிட்டது. பெண் இருவாச்சியின் பெயர் மஞ்சாடி. ஆண் பெயர் சாத்தன். குஞ்சுக்குச் சிறகு முளைத்து, மஞ்சாடி சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது, அவளை வரவேற்றது அவளுக்குத் தெரிந்த சாத்தன் இல்லை. அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை. கேட்டதற்கு ஒரு வார்த்தையில் பதில் சொன்னான். விடிவதற்கு முன்னால் எங்கோ பறந்தான், கேட்டால் எரிந்து விழுந்தான். அவளும் விடவில்லை, வாய்க்கு வந்தபடி பேசினாள். குஞ்சு தன் இரையைத் தானே தேடக் கற்று அடுத்த சோலைக்குப் போன பிறகு, இருவருக்கும் நடுவில் சண்டை மட்டுமே மிஞ்சியது.

"இனி நாம் சேர்ந்து பறக்க முடியாது" என்றான் சாத்தன் ஒருநாள்.

மஞ்சாடிக்கு நெஞ்சில் யாரோ கொத்தியதுபோல் இருந்தது. இருந்தாலும் வீம்பு விடவில்லை. "சரி, இருப்பதைப் பிரித்துக்கொள்வோம்" என்றாள்.

இருவரும் வெண்காலியிடம் போனார்கள். வெண்காலி ஒரு காட்டுமாடு. கரிய உடம்பு, முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளை. அவளுக்குப் பழம் வேண்டாம், பொந்தும் வேண்டாம், புல் போதும். அதனால்தான் மரத்தில் வாழ்பவர்கள் தங்கள் வழக்குகளை அவளிடம் கொண்டுபோவார்கள். தனக்கு வேண்டாத பொருளைப் பங்கிடுபவளுக்குக் கை ஒரு பக்கம் சாயாது.

வெண்காலி ஓடைக்கரையில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அசைபோடுவது நின்றது.

"நிஜமாகவா?" என்று கேட்டாள்.

"நிஜம்தான் அக்கா" என்றாள் மஞ்சாடி.

"சரி. உங்களுக்கு என்னென்ன உண்டு, சொல்லுங்கள்."

அதிகம் ஒன்றுமில்லை. வெடிப்பலா மரத்தில் அவர்கள் குடியிருந்த பொந்து. ஓடைக்கரையில் ஓர் அத்தி. மலைமுகட்டில் ஒரு பெரிய கல்லால மரம். பகலில் அந்த இரண்டு மரங்களிலும் அவர்கள் உண்ட பிறகுதான் மற்றவர்கள் வருவார்கள் என்பது காட்டின் வழக்கம்.

மஞ்சாடி தயாராக வந்திருந்தாள். பொந்துக்காக நாள் முழுக்க வாதாட வேண்டியிருக்கும் என்று நினைத்தாள். அது அவள் அலகால் பூசிய வாசல், அவள் குஞ்சு கண் திறந்த இடம். "பொந்து எனக்கு வேண்டும்" என்று தொடங்கினாள்.

"எடுத்துக்கொள்" என்றான் சாத்தன்.

அவள் திகைத்தாள். "என்ன சொன்னாய்?"

"பொந்து உனக்கு. ஓடைக்கரை அத்தியும் உனக்கே இருக்கட்டும். எனக்கு முகட்டு மரம் போதும்."

இத்தனை சுலபமாகவா? மஞ்சாடியின் கோபம் பாதி இறங்கிவிட்டது. இவ்வளவு பெருந்தன்மை உள்ளவனைவிட்டா பிரிகிறோம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. வெண்காலி மட்டும் சாத்தனையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொத்து பிரிந்துவிட்டது. கடன் ஏதாவது உண்டா?" என்றாள்.

மஞ்சாடிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கடனா? எங்களுக்கா? யாரிடமும் ஒரு பழம் வாங்கியதில்லை அக்கா."

"நான் அவனையும் சேர்த்துத்தான் கேட்டேன்."

சாத்தன் மரப்பட்டையைப் பார்த்தபடி, "கடன் எதுவும் கிடையாது" என்றான்.

அப்போது மேலே இலைகள் சலசலத்தன. மலை அணில் சிலுப்பி நீண்ட வாலைத் தொங்கவிட்டபடி கிளைக்குக் கிளை இறங்கி வந்தாள். பழங்களைக் காயவைத்துக் கூட்டில் சேர்த்துவைப்பதில் அவளுக்கு இணை அந்தக் காட்டில் யாரும் இல்லை.

"மன்னிக்க வேண்டும். குடும்பம் பிரிகிற இடத்தில் வந்து கேட்க எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் இப்போது கேட்காவிட்டால் பிறகு யாரிடம் கேட்பேன்? எனக்குச் சேர வேண்டிய பழம் எப்போது வரும்?"

"எந்தப் பழம்?" என்றாள் மஞ்சாடி.

"நீங்கள் உள்ளே அடைந்திருந்தபோது வாங்கினாரே, அதுதான். அத்தி காய்க்காமல் போன ஆண்டு அல்லவா? நாள் தவறாமல் என் கூட்டு வாசலுக்கு வருவார். நானும் கொடுத்தேன். பாதிக்கூடு காலி."

மஞ்சாடி அலகைத் திறந்தாள். மூடவில்லை. அத்தி காய்க்கவில்லையா? அவளுக்கு அது தெரியவே தெரியாது. பிளவு வழியே அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு துண்டு வானமும் சாத்தனின் அலகும்தான்.

"அத்தி காய்க்கவில்லை என்று ஏன் சொல்லவில்லை?" என்று சாத்தனைக் கேட்டாள்.

சிலுப்பிதான் பேசினாள். "சொல்லியிருந்தால் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள்."

"எதைத் தூக்கிப் போட்டேன்?"

"காய்ந்த பழத்தை. 'இதையெல்லாம் யார் தின்பார்கள், நல்லதாய் ஒன்று கிடைக்கவில்லையா உனக்கு' என்று பிளவு வழியே வெளியே உமிழ்ந்தீர்களே. நான் எதிர்க்கிளையில்தான் இருந்தேன். என் பழம் மரத்தடியில் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கீழே இறங்கி ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்."

ஆமாம், உமிழ்ந்தாள். பலமுறை உமிழ்ந்தாள். அவன் சோம்பேறித்தனமாய்த் தரையில் கிடந்ததைப் பொறுக்கி வருகிறான் என்று நினைத்திருந்தாள். அதை அவனிடம் சொல்லியும் காட்டியிருந்தாள்.

வெண்காலி சாத்தன் பக்கம் திரும்பினாள். "இந்தக் கடன் உண்மையா?"

"உண்மை. அதை நானே அடைத்துவிடுகிறேன். அவளுக்குப் பங்கு வேண்டாம்" என்றான் அவன் தலையைக் குனிந்தபடி.

"இல்லை" என்றாள் மஞ்சாடி. "அதை நான் தின்றேன். என் குஞ்சு தின்றது. தூக்கிப் போட்டதும் நான்தான். எனக்குத் தெரியாமல் வாங்கியிருந்தாலும் எங்கள் வயிற்றுக்குள் போன பழம் அது. பாதியை நான் அடைப்பேன்."

சிலுப்பி வியந்துபோய் வாலைச் சுருட்டிக்கொண்டாள். பழம் திரும்பி வரும் என்றே அவள் நம்பியிருக்கவில்லை. அதிலும் தெரியாது என்று சொல்லித் தப்பிக்கக்கூடியவள் தானாக முன்வந்து ஒப்புக்கொண்டதை அவளால் நம்ப முடியவில்லை.

"வேறு கடன்?" என்றாள் வெண்காலி.

"வேறு இல்லை" என்றான் சாத்தன், கொஞ்சம் வேகமாக.

"அப்படியானால் முடிந்தது. வெடிப்பலா பொந்து மஞ்சாடிக்கு."

"அது எப்படி?" என்று ஒரு குரல் வந்தது.

எல்லோரும் திரும்பினார்கள். பக்கத்து மரத்துக் கவட்டையிலிருந்து ஓர் உருவம் சோம்பலாக இறங்கியது. மரநாய் புனுகன். இரவில் மட்டும் நடமாடுபவன். பகல் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கொட்டாவி விட்டபடி வந்தான். மரநாய் பழமும் தின்னும், முட்டையும் தின்னும், இறகு முளைக்காத குஞ்சு கிடைத்தால் விடாது. அவனைக் கண்டதும் மஞ்சாடி தன்னையறியாமல் மேல்கிளைக்குத் தாவினாள்.

"பொந்தை யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள். ஆனால் அது என்னிடம் அடகில் இருக்கிறது. வாங்குகிறவர் அதையும் சேர்த்து வாங்குகிறார்" என்றான் புனுகன்.

வெண்காலி அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அடகா? எதற்கு?" என்றாள் வெண்காலி.

"முகட்டுக் கல்லால மரம் பழுத்தபோது மேற்கு மலையிலிருந்து இருவாச்சிக் கூட்டம் ஒன்று வந்தது. இவர் அவர்களுக்கு விருந்து வைத்தார். பகலில் மரம் இவருடையது, இரவில் என்னுடையது, அதுதான் வழக்கம். 'விருந்தாளிகள் போகும்வரை நீ மரத்தில் ஏறாதே, எல்லாம் அவர்களுக்கு வேண்டும்' என்றார். நான் பட்டினி கிடந்தேன். பருவம் முடிவதற்குள் அத்தனை பழத்தையும் திருப்பித் தருவதாகச் சொன்னார். தராவிட்டால் வெடிப்பலா பொந்து எனக்கு. அதுதான் பேச்சு."

மஞ்சாடி மெதுவாகக் கேட்டாள். "அந்தப் பேச்சு எப்போது நடந்தது?"

"நீங்கள் உள்ளே இருந்தபோதுதான்."

அவளுடைய கால்கள் கிளையைப் பிடிக்க மறந்தன. விழப்போனவள் இறக்கையை அடித்து எப்படியோ நின்றாள். உள்ளே இருந்தபோது. இறகெல்லாம் உதிர்ந்து, பறக்க முடியாமல், கண் திறக்காத குஞ்சை வயிற்றுக்கடியில் வைத்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தபோது.

"நானும் என் குஞ்சும் இருக்கும் பொந்தையா அடகு வாங்கினாய்?"

"பொந்தைப் பற்றித்தான் பேச்சு. உள்ளே இருப்பதைப் பற்றிப் பேச்சு வரவில்லை" என்றான் புனுகன். அதைச் சொல்லும்போது அவன் குரலில் குரோதம்கூட இல்லை. அதுதான் அவளை இன்னும் நடுங்க வைத்தது.

ஓர் அந்தி நேரம் அவளுக்கு நினைவு வந்தது. சுவருக்கு வெளியே நகம் பிராண்டும் சத்தம் கேட்டது. மறுநாள் சாத்தனிடம் கேட்டபோது, காற்றில் கொடி உரசியிருக்கும் என்றான். அவள் நம்பினாள். நம்பித் தூங்கினாள்.

"அன்று வந்தது நீதானா?" என்று கேட்டாள்.

"சுவர் எவ்வளவு கெட்டி என்று பார்க்க வந்தேன்."

மஞ்சாடி சாத்தனைப் பார்த்தாள். "உனக்குத் தெரியுமா?"

"திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன்" என்றான் அவன். "ஒவ்வொரு நாளும் அதைத்தான் நினைத்தேன். அத்தி பழுத்திருந்தால் கொடுத்திருப்பேன். நீ வெளியே வரும்வரை எனக்குத் தூக்கமே இல்லை. விடியுமுன் எழுந்து மலை மலையாகத் தேடினேன். கிடைக்கவில்லை."

"அந்த விருந்தை யார் கேட்டது?"

"நான் முகட்டு மரத்துக்காரன் என்று எல்லோருக்கும் தெரியும். வந்தவர்களிடம் இல்லை என்று எப்படிச் சொல்வது?"

வெண்காலி எழுந்து நின்றாள். அவள் எழுந்தால் தரை அதிரும். "சாத்தா, அவள் கேட்டதும் பொந்தைத் தூக்கிக் கொடுத்தாயே. அவள் ஆசைப்பட்டாள் என்றா கொடுத்தாய்? இல்லை, பொந்தோடு இந்தக் கடனும் அவள் தலையில் போய்விடும் என்றா?"

சாத்தன் கிளையில் ஓரடி தள்ளி உட்கார்ந்தான். பிறகு, "இரண்டும்தான்" என்றான்.

மஞ்சாடிக்கு அழுகை வரவில்லை. அலற வேண்டும்போல் இருந்தது, அதுவும் வரவில்லை. சற்று முன்னால் இவனைப் பெருந்தன்மைக்காரன் என்று நினைத்த தன் மனதை எண்ணி மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

வெண்காலி புனுகனிடம் கேட்டாள். "பொந்தில் குடியிருந்தவள் இவள். அடகு பேசும்போது இவளிடம் ஒரு வார்த்தை கேட்டாயா?"

"எப்படிக் கேட்பது? வாசலை அடைத்திருந்தார்கள்."

"பிளவு இருந்ததே. அதன் வழியாகத்தான் இவளுக்குத் தினமும் பழம் போனது. பழம் போகிற வழியில் ஒரு வார்த்தை போகாதா?"

புனுகன் மீசையைத் தடவினான்.

"இவளுக்குத் தெரியாமல் பேசிய அடகு இவள் பொந்தைக் கட்டாது. விருந்தில் இவள் ஒரு பழமும் தின்னவில்லை, இவள் குஞ்சும் தின்னவில்லை. வைத்தவன் சாத்தன், பெருமை அடைந்தவன் சாத்தன். அந்தக் கடன் அவனுடையது" என்றாள் வெண்காலி. "ஆனால் புனுகா, நீ பட்டினி கிடந்ததும் உண்மை. உன் பழம் உனக்கு வந்தாக வேண்டும். சாத்தன் பங்குக்கு வந்த முகட்டு மரம் கடன் தீரும்வரை இரவும் பகலும் உனக்கு."

"அப்புறம் எனக்கு என்ன மிச்சம்?" என்றான் சாத்தன்.

"இறக்கை இருக்கிறது" என்றாள் வெண்காலி. பிறகு புல்லுக்குத் திரும்பினாள்.

புனுகன் கொட்டாவி விட்டுக்கொண்டு கவட்டைக்குப் போனான். சிலுப்பி ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்து, என்ன சொல்வதென்று தெரியாமல் போய்விட்டாள். ஓடைக்கரையில் இருவாச்சிகள் இருவரும் மிஞ்சினார்கள்.

"மஞ்சாடி" என்றான் சாத்தன்.

"பேசாதே" என்றாள் அவள். "பேச வேண்டிய காலத்தில் நீ பேசவில்லை. நானும் உன்னைப் பேச விடுகிற மாதிரி நடந்துகொள்ளவில்லை. அது என் பங்கு, அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் என் குஞ்சை மரநாய் வாசலில் வைத்துவிட்டு எனக்குக் கொடி உரசியது என்று சொன்னாயே, அதை என்னால் பாதியாகப் பிரித்துக்கொள்ள முடியாது."

அவள் பறந்து பொந்துக்குப் போனாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். உடைந்த மண்கட்டிகளும் குஞ்சின் பிஞ்சு இறகு ஒன்றிரண்டும் கிடந்தன. வாசல் ஓரத்தில், அவள் இதுவரை கவனிக்காத இடத்தில், பூசிய மண்மேல் நகக்கீறல்கள் இருந்தன. ஆழமான கீறல்கள். இன்னும் கொஞ்சம் பிராண்டியிருந்தால் கை உள்ளே நுழைந்திருக்கும். அன்று மாலைவரை அவள் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

மழை வந்து போனது. அத்தி காய்த்தது. மஞ்சாடி பழங்களைத் தொண்டையில் அடக்கிக்கொண்டு சிலுப்பியின் கூட்டுக்குப் போவாள். அங்கே ஒவ்வொன்றாகக் கக்கி வைப்பாள். சிலுப்பி அவற்றை முகர்ந்து பார்த்து வெயிலில் பரப்புவாள். சில நாட்களில் சாத்தனும் அங்கே வருவான். எங்கெங்கோ பொறுக்கிய காட்டுப் பழங்களைக் கொண்டுவருவான். மெலிந்திருந்தான். இருவரும் தலையசைத்துக்கொள்வார்கள். அதற்குமேல் பேச்சு இல்லை. கடன் தீர்ந்த அன்று சிலுப்பி அழுதுவிட்டாள். அவர்கள் அழவில்லை.

சிலுப்பியின் கூடு மலைமுகட்டுக்குப் பக்கத்தில்தான். கல்லால மரம் மறுபடி பழுத்த காலத்தில், சிலுப்பியைப் பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்த மஞ்சாடி, காற்றில் பெரிய இறக்கைகளின் இரைச்சலைக் கேட்டாள். மேற்கு மலைக் கூட்டம் மீண்டும் வந்திருந்தது. எதிரில் இருந்த பட்டுப்போன மரத்தில் சாத்தன் தனியாக உட்கார்ந்திருந்தான்.

"என்ன முகட்டு மரத்துக்காரரே, இந்த ஆண்டும் விருந்து உண்டா?" என்றது கூட்டத்தில் மூத்த இருவாச்சி.

மஞ்சாடி இலைகளுக்குள் ஒதுங்கினாள். சாத்தன் அலகைத் திறந்து மூடினான், மறுபடி திறந்தான்.

"இல்லை. மரம் இப்போது என்னிடம் இல்லை, கடனுக்குப் போய்விட்டது" என்றான்.

"அப்படியா?" என்றது மூத்த இருவாச்சி. "தெற்கே ஜாதிக்காய் பழுத்திருக்கிறது, அங்கே பார்த்துக்கொள்கிறோம். நீங்களும் வருகிறீர்களா?"

யாரும் சிரிக்கவில்லை. யாரும் முகம் சுளிக்கவில்லை. கூட்டம் ஒரு வட்டமடித்துத் தெற்கே போனது. அவ்வளவுதான்.

சாத்தன் அவர்கள் போன திசையைப் பார்த்தபடி உறைந்து உட்கார்ந்திருந்தான். கூடவே பறக்க வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. இலைகளுக்குள் இருந்த மஞ்சாடியும் அசையவில்லை. இந்த ஒரு பதிலுக்கு அஞ்சியா? இதைச் சொல்ல முடியாமல்தானா என் குஞ்சு படுத்திருந்த வீட்டை அடகு வைத்தான்? கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். வந்தது திகைப்பு மட்டும்தான். சொல்லாமல் விட்ட இவ்வளவு சின்ன வார்த்தை, இவ்வளவு பெரிய வீட்டை உடைத்துவிட்டதே என்ற திகைப்பு.

சேர்ந்து வாழ்பவர்கள் தங்களிடம் இருப்பதைக் காட்டிக்கொள்வதைவிட இல்லாததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதுதான் முக்கியம். மறைத்த கடன் பிரியும் நாளில் பங்கு கேட்டு வந்தே தீரும்.